கீசர் என்றால் என்ன? சொல்லிலிருந்து சுவிட்ச் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

போன மார்கழியில் எங்கள் வீட்டுக் கீசர் படுத்துவிட்டது. வழக்கமாக வரும் எலெக்ட்ரீஷியனுக்கு போன் போட்டு, "அண்ணே, கீசர் வேலை செய்யலை, கொஞ்சம் வந்து பாருங்க" என்றேன். வருகிறேன் என்றோ முடியாது என்றோ அவர் சொல்லவில்லை. "ஸ்டோரேஜா, இன்ஸ்டன்டா, கேஸா?" என்றார். ஸ்டோரேஜ் என்றேன். "எத்தனை லிட்டர்?" தெரியவில்லை. "சூடு வரலையா, இல்ல போட்டதும் ட்ரிப் ஆகுதா?" போய்ப் போட்டுப் பார்த்தேன், ட்ரிப் ஆனது. "போர் தண்ணியா?" ஆமாம். "சரி, காயில் வெடிச்சிருக்கும். வாங்கிட்டு வரேன்."

வந்து கழற்றினார். அவர் சொன்னதேதான். தண்ணீரைச் சூடாக்கும் அந்தக் காயிலின் மேல் சுண்ணாம்புபோல வெள்ளையாக உப்பு ஏறி, விரல் தடிமனுக்கு இறுகிக் கிடந்தது. ஓரிடத்தில் காயிலின் குழாய் வெடித்து உள்ளே தண்ணீர் புகுந்திருந்தது.

நான் ஒரே சொல்லில் சொன்னதை அவர் நான்கு கேள்வியாகப் பிரித்துக்கொண்டார். கீசர் என்ற சொல்லே அப்படிப்பட்டதுதான். வேலை செய்யும் விதத்தில் ஒன்றோடொன்று ஒட்டாத மூன்று இயந்திரங்களுக்கு நாம் வைத்திருக்கும் ஒரே பெயர் அது. எனவே சொல்லில் தொடங்கி, அவர் கேட்ட கேள்விகளின் வழியே இயந்திரத்துக்கு வருவோம்.

முதலில் சொல்: எங்கிருந்து வந்தது?

ஐஸ்லாந்தின் தென்மேற்கில் ஹௌகாதலூர் என்றொரு பள்ளத்தாக்கு. அங்கே தரைக்குள்ளிருந்து கொதிநீரைப் பீச்சியடிக்கும் ஓர் ஊற்றுக்குப் பெயர் கெய்சிர். பொங்கிப் பாய்வது என்ற பொருள் கொண்ட ஐஸ்லாந்து வினைச்சொல்லிலிருந்து வந்த பெயர். இப்போது கெய்சிர் பெரும்பாலும் உறங்கிக் கிடக்கிறது. பக்கத்தில் இருக்கும் ஸ்ட்ரோக்கூர் என்ற ஊற்றுதான் சில நிமிடங்களுக்கு ஒருமுறை பீச்சியடித்துப் பயணிகளைத் திருப்திப்படுத்துகிறது. ஐரோப்பியர்கள் அந்த ஒரு ஊற்றின் பெயரையே உலகில் உள்ள இப்படிப்பட்ட எல்லா ஊற்றுகளுக்கும் வைத்துவிட்டார்கள். ஐஸ்லாந்துக்காரர்களுக்கு மட்டும் கெய்சிர் என்றால் இன்றும் அந்த ஒரே ஊற்றுதான். பொதுவாகச் சொல்ல அவர்களிடம் வேறு சொல் இருக்கிறது.

ஊற்று எப்படிக் குளியலறைக்குள் வந்தது? 1868இல் லண்டனில் பெஞ்சமின் வாடி மாகன் என்ற பெயிண்டர், எரிவாயுவால் உடனடியாக வெந்நீர் தரும் கருவி ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார். அதற்கு அவர் வைத்த பெயர் கீசர். பெயர் நன்றாக ஒட்டிக்கொண்டது, கருவியில்தான் ஒரு கோளாறு: எரிந்த வாயு வெளியே போகப் புகைபோக்கி கிடையாது. அதை மறந்துவிடாதீர்கள், கேஸ் கீசருக்கு வரும்போது தேவைப்படும். பிறகு 1889இல் அமெரிக்காவில், நார்வேயிலிருந்து குடியேறிய எட்வின் ரூட் என்ற பொறியாளர் தொட்டி வைத்த தானியங்கி ஹீட்டரைச் செய்தார். இன்று நம் குளியலறைச் சுவரில் தொங்கும் உருளைக்கு மூதாதை அவர் செய்த தொட்டி. பெயர் மட்டும் மாகன் வைத்தது.

ஆக, மின்சாரத்தில் ஓடும், எதையும் பீச்சாத, சாதுவான ஒரு தொட்டியை நாம் கொதித்துப் பொங்கும் ஊற்றின் பெயரால் அழைத்துக்கொண்டிருக்கிறோம்.

எப்படிச் சொல்வது, எங்கே சொல்லக்கூடாது

நாம் சொல்லும் 'கீசர்' பிரிட்டிஷ் உச்சரிப்பு. அமெரிக்கர்கள் 'கைசர்' என்பார்கள், அதுவும் இயற்கை ஊற்றை மட்டும். வீட்டுக் கருவிக்கு அங்கே இந்தச் சொல் புழக்கத்திலேயே இல்லை. அதே கீசர் உச்சரிப்பில், வேறு எழுத்துக்கூட்டலில் இன்னொரு ஆங்கிலச் சொல் உண்டு. அமெரிக்காவில் அதற்குக் கிழவர் என்று பொருள், லண்டனில் 'ஆளு' என்கிற மாதிரி. என் அண்ணன் மகள் வேலைக்காக அமெரிக்கா போன புதிதில், வாடகை வீட்டைக் காட்ட வந்தவரிடம் கீசர் குளியலறையில் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறாள். அவர் முகம் போன போக்கை இப்போதும் நடித்துக் காட்டுவாள்.

அமெரிக்காவிலும் சிங்கப்பூரிலும் வாட்டர் ஹீட்டர் என்றால் போதும். ஆஸ்திரேலியாவில் ஹாட் வாட்டர் சிஸ்டம். தென்னாப்பிரிக்காவில் கூச்சப்படாமல் கீசர் என்றே சொல்லலாம், அவர்களுக்கும் அதுதான் சொல். பிரிட்டனில்தான் கவனம் வேண்டும். சொல்லைப் பெற்றவர்களே அதைக் கைவிட்டுவிட்டார்கள். அங்கே பாய்லர் என்றால் வீடு முழுவதையும் சூடாக்கி வெந்நீரும் தரும் இயந்திரம். நம் ஊர் ஆட்களுக்கோ பாய்லர் என்றதும் நடுவில் கரி போட்டு, பக்கவாட்டில் குழாய் வைத்த செப்புப் பாய்லர்தான் நினைவுக்கு வரும். இம்மர்ஷன் என்று அவர்கள் சொல்வது வெந்நீர்த் தொட்டிக்குள் பொருத்திய மின்சார ஹீட்டரை. நாம் இம்மர்ஷன் ராடு என்று வாளியில் போடுவது வேறு சமாச்சாரம்.

தமிழில் எழுதும்போது? கீசர், கீஸர், கெய்சர் என்று மூன்று விதமாகவும் கடைப் பலகைகளில் பார்க்கலாம். கருவிக்குக் கீசர், இயற்கைக்கு வெந்நீர் ஊற்று என்று பிரித்துவிடுவது என் வழக்கம். கருவியைக் கொதிகலன் என்று எழுதுவது எனக்குப் பிடிக்கவில்லை, அது ஆலைகளில் நீராவி தயாரிப்பதற்கான சொல். இந்தக் கருவி தண்ணீரைக் கொதிக்க விடுவதும் இல்லை.

உங்கள் வீட்டில் இருப்பது எது?

எலெக்ட்ரீஷியனின் முதல் கேள்வி இது. கருவியைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

10, 15, 25 லிட்டர் கொள்ளும் பெரிய உடம்போடு, தண்ணீரைச் சேர்த்து வைத்துச் சூடாக்கினால் ஸ்டோரேஜ் கீசர். பெரும்பாலும் 2000 வாட். ஒன்றிலிருந்து 5 லிட்டருக்குள், கையடக்கமாக, 3000 வாட்டில் ஓடினால் இன்ஸ்டன்ட். உள்ளே தீ தெரிந்தால் கேஸ்.

இன்ஸ்டன்ட் என்ற பெயரில் ஒரு சின்ன ஏமாற்று இருக்கிறது. 3000 வாட்டை முழுதாகத் தண்ணீரில் இறக்கினாலும், 15 டிகிரி கூடுதல் சூட்டில் நிமிடத்துக்கு 3 லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் தர முடியும். இயற்பியல் அவ்வளவுதான் அனுமதிக்கிறது, எந்தக் கம்பெனியாலும் இதை மாற்ற முடியாது. ஒரு வாளி நிறைய ஐந்தாறு நிமிடம். ஷவரைத் திறந்தால் சொட்டுச் சொட்டாய்ச் சூடாக வரும், அல்லது வேகமாய்ப் பச்சைத் தண்ணீர் வரும். பாத்திரம் துலக்கும் சிங்க்குக்கு அருமையான கருவி. நான்கு பேர் வரிசையாகக் குளிக்கும் வீட்டுக்கு ஆகாது.

லேபிளைப் படிக்கும் முறை

கடைக்காரர் விலையையும் நிறத்தையும் காட்டுவார். நீங்கள் நான்கு எண்களைப் பாருங்கள்.

லிட்டர்: இதைத்தான் பலரும் தப்பாகக் கணக்குப் போடுகிறார்கள். 15 லிட்டர் கீசர் என்றால் ஒரு வாளிதானே என்று நினைப்பார்கள். ஆனால் 60 டிகிரி வெந்நீரை யாரும் அப்படியே தலையில் ஊற்றிக்கொள்வதில்லை, விளாவித்தானே குளிக்கிறோம். 25 டிகிரிப் பச்சைத் தண்ணீரோடு 40 டிகிரிக்கு விளாவினால் 15 லிட்டர் வெந்நீர் 35 லிட்டர் குளிக்கும் நீராகிறது. அதாவது இரண்டு வாளி. வெந்நீர் எடுக்க எடுக்க உள்ளே பச்சைத் தண்ணீர் நுழைந்து கொஞ்சம் ஆற்றிவிடும், அதனால் நடைமுறையில் சற்றுக் குறையும். இரண்டு பேர் வாளியில் குளிக்க 15 போதும். ஷவர் என்றால் 25.

வாட்: 15 லிட்டரை 25இலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 0.6 யூனிட் மின்சாரம் ஆகும். 2000 வாட் கீசரில் இதற்கு 18 முதல் 20 நிமிடம். வாட் கூடினால் நேரம் குறையும், யூனிட் குறையாது. 3000 வாட் வாங்கினால் கரண்ட் பில் எகிறும் என்று பயப்படுபவர்களும், சீக்கிரம் சூடாவதால் பில் குறையும் என்று சொல்லும் விற்பனையாளரும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள்.

பார்: தாங்கும் அழுத்தம். தண்ணீர்த் தொட்டி 10 மீட்டர் உயரத்தில் இருந்தால் ஒரு பார் அழுத்தம். தனி வீட்டுக்கு எது வாங்கினாலும் தாங்கும். அடுக்குமாடியின் கீழ்த் தளங்களிலும், பிரஷர் பம்ப் வைத்த வீடுகளிலும் 8 பார் பார்த்து வாங்குங்கள்.

ஸ்டார்: ஸ்டோரேஜ் கீசருக்கு இந்த நட்சத்திரம் சொல்வது ஒன்றைத்தான். சூடாக்கிய தண்ணீரைச் சும்மா வைத்திருந்தால் ஒரு நாளில் எவ்வளவு வெப்பம் வீணாகிறது என்பது. காலையில் அரை மணி நேரம் போட்டு அணைத்துவிடும் வீட்டில் அதன் லாபம் சிறிது. நாள் முழுக்க ஆனிலேயே விடும் வீட்டில் பெரிது.

மாட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள்

2000 வாட் என்றால் ஏறத்தாழ 9 ஆம்பியர். 3000 வாட் என்றால் 13. இரண்டுக்குமே 16 ஆம்பியர் பெரிய பிளக் பாயிண்ட் வேண்டும். செல்போன் சார்ஜர் போடும் 6 ஆம்பியர் பாயிண்டில் அடாப்டர் வைத்துக் கொடுக்கிறேன் என்று யாராவது சொன்னால் அவரை வேறு வேலைக்கு அனுப்பிவிடுங்கள். 2000 வாட்டுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி, 3000 வாட்டுக்கு 4 போட்டால் நிம்மதி. பேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துத் துண்டிக்கும் டபுள் போல் சுவிட்ச் நல்லது. எர்த் இருக்கிறதா என்று வாயால் கேட்டால் போதாது, டெஸ்ட் பண்ணிக் காட்டச் சொல்லுங்கள். கரண்ட் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வீட்டில் இல்லையென்றால் கீசருக்கு முன்பாக அதை வாங்குங்கள். எங்கள் வீட்டில் காயில் வெடித்தபோது ட்ரிப் ஆனது அதுதான். அது இல்லாதிருந்தால் குழாயைத் தொட்ட கை சொல்லியிருக்கும்.

நீலம் பச்சைத் தண்ணீர் நுழையும் வழி, சிவப்பு வெந்நீர் வெளியேறும் வழி. முதல்முறை போடும்போது வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டு, காற்று போய்த் தண்ணீர் சீராக விழும்வரை காத்திருந்து, அப்புறம்தான் சுவிட்சைப் போட வேண்டும். காலித் தொட்டியில் காயில் சூடேறினால் புதுக் கீசர் அன்றைக்கே பழசாகிவிடும்.

இங்கே ஒரு வேடிக்கை. மாடித் தொட்டி காலியாகிவிட்டது, ஆனால் கீசருக்குள் 15 லிட்டர் வெந்நீர் தயாராக இருக்கிறது. குழாயைத் திறந்தால் வருமா? வராது. வெந்நீர் எடுக்கும் குழாய் கீசருக்குள் உச்சியில் திறந்திருக்கிறது. கீழே நுழையும் பச்சைத் தண்ணீர் மேலே தள்ளினால்தான் வெந்நீர் வெளியே வரும். "கீசர்ல தண்ணி இருக்கு, ஆனா வர மாட்டேங்குது" என்று மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் மோட்டார் போட்டுப் பாருங்கள்.

அந்தச் சொட்டை அடைக்காதீர்கள்

பச்சைத் தண்ணீர் நுழையும் இடத்தில் பித்தளையில் ஒரு சின்ன வால்வு இருக்கும். கீசர் ஓடும்போது அதிலிருந்து சில சமயம் சொட்டும். லீக் என்று நினைத்துப் பலர் டெஃப்லான் டேப் சுற்றி அடைத்துவிடுகிறார்கள். எங்கள் பக்கத்து வீட்டில் மரக்குச்சியைச் செதுக்கிச் செருகி வைத்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

அது லீக் இல்லை. தண்ணீர் சூடானால் விரியும். 15 லிட்டர் 60 டிகிரிக்குப் போகும்போது கிட்டத்தட்ட ஒரு டம்ளர், 200 மில்லி, கூடிவிடும். பின்னால் திரும்பிப் போக வழியில்லாமல் வால்வு தடுப்பதால் அந்தக் கூடுதல் தண்ணீரை அதுவே சொட்டாக வெளியேற்றுகிறது.

அடைத்தால் என்ன ஆகும் என்பதைப் புரிந்துகொள்ள ஐஸ்லாந்துக்குத் திரும்ப வேண்டும். ஊற்றின் அடியில் இருக்கும் தண்ணீர், தன் மேல் நிற்கும் நீரின் பாரத்தால் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் கிடக்கிறது. மேலே கொஞ்சம் வழிந்து பாரம் குறைந்த நொடியில் அடித்தண்ணீர் ஒரேயடியாக நீராவியாகிப் பீச்சியடிக்கிறது. நம் கீசரில், சூடு போதுமான அளவுக்கு வந்ததும் கரண்டை நிறுத்தும் தெர்மோஸ்டாட் கெட்டு, அதற்குப் பின்காவலாக இருக்கும் கட்-அவுட்டும் கெட்டு, வால்வையும் அடைத்துவிட்டால் நடப்பது இதேதான். 8 பார் அழுத்தத்தில் தண்ணீர் 175 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கும். தொட்டி விட்டுக்கொடுத்ததும் அதில் ஒரு பகுதி நொடியில் நீராவியாகி ஆயிரம் மடங்குக்கு மேல் விரியும். மாகன் வைத்த பெயருக்கு முழுப்பொருள் அன்றைக்குத்தான் தெரியும்.

வால்வுக்குக் கீழே ஒரு சின்னக் குழாய் வைத்து வடிகாலில் விட்டுவிடுங்கள். வேலை முடிந்தது.

அன்றாடம் பயன்படுத்துவது

குளிப்பதற்கு 20 நிமிடம் முன்னால் போடுங்கள், குளிக்கப் போகும் முன் அணையுங்கள். தெர்மோஸ்டாட் திருகு இருந்தால் 60இல் வையுங்கள். குறைத்து வைத்து அப்படியே விட்டுவிடுவது நல்லதல்ல. 20 முதல் 45 டிகிரி வரை வெதுவெதுப்பாகத் தேங்கும் தண்ணீர் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியாவுக்குப் பிடித்தமான இடம். ஆனால் 60 டிகிரித் தண்ணீர் சில நொடிகளில் தோலைப் பொசுக்கும் என்பதும் நினைவிருக்கட்டும். குழந்தைக்கு வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், அப்புறம் வெந்நீர் ஊற்றி விளாவுங்கள். முழங்கையை விட்டுப் பார்த்துவிட்டுக் குழந்தையைத் தூக்குங்கள்.

போர் தண்ணீர் வீடுகளுக்கு

எலெக்ட்ரீஷியனின் கடைசிக் கேள்வி. கடின நீரில் இருக்கும் கால்சியம், மக்னீசியம் உப்புகள் சூட்டில் பிரிந்து காயில் மீது படிகின்றன. படிந்த உப்பு வெப்பத்தைத் தடுக்கும். காயில் உள்ளுக்குள்ளேயே வெந்து ஒருநாள் வெடிக்கும். முன்னறிகுறி: சூடாகும்போது உள்ளே அரிசி வேகிற மாதிரி பொட் பொட்டென்று சத்தம், 20 நிமிடத்தில் வந்த சூட்டுக்கு 35 நிமிடம் ஆவது. போர் தண்ணீர் என்றால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கழற்றி உப்பெடுக்கச் சொல்லுங்கள்.

அப்போதே அனோடையும் பார்க்கச் சொல்லுங்கள். தொட்டிக்குள் மக்னீசியத்தால் ஆன ஒரு கம்பி இருக்கும். இரும்பை அரிக்க வேண்டியது முதலில் இதை அரிக்கும், தொட்டி தப்பிக்கும். கம்பி தீர்ந்தபின் அடுத்த இலக்கு தொட்டிதான். காயில் மாற்றலாம், தெர்மோஸ்டாட் மாற்றலாம், தொட்டி ஓட்டையானால் பழைய இரும்புக் கடைதான். மாற்றச் சொன்னால் ஒழிய பல மெக்கானிக்குகள் அனோடைத் தொடுவதில்லை, அதனால் நீங்களே கேளுங்கள்.

கேஸ் கீசர்: தனியாக ஒரு எச்சரிக்கை

செலவு குறைவு, வெந்நீர் நிற்காமல் வரும், கரண்ட் போனாலும் ஓடும். தீப்பொறிக்கு இரண்டு பேட்டரி போதும். எல்லாம் சரி. ஆனால் மாகனின் முதல் கீசரில் இருந்த அதே பிரச்சினை இதிலும் இருக்கிறது. கதவும் ஜன்னலும் மூடிய சின்னக் குளியலறையில் கேஸ் எரிந்தால் ஆக்சிஜன் குறையும், தீ அரைகுறையாக எரியும், கார்பன் மோனாக்சைடு உண்டாகும். நிறமில்லை, வாசனையில்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, கிறுகிறுப்பு, அப்புறம் மயக்கம். கதவைத் திறக்க நினைக்கும்போது கால் வராது. வட இந்தியாவில் குளிர்காலம்தோறும் இப்படிச் சாவுகள் செய்தியாகின்றன.

கேஸ் கீசரையும் சிலிண்டரையும் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான பால்கனியிலோ கொல்லைப்புறத்திலோ மாட்டி, வெந்நீரை மட்டும் குழாயில் உள்ளே கொண்டுவாருங்கள். எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறதே என்று சமாதானம் சொல்லிக்கொண்டு உள்ளே மாட்டாதீர்கள். வெளியே இடமில்லையென்றால் கேஸ் கீசர் உங்கள் வீட்டுக்கானது இல்லை.

இம்மர்ஷன் ராடைப் பற்றி இரண்டே வரி: கோடு வரை தண்ணீர் மூழ்க வேண்டும், தண்ணீரைத் தொடுவதற்கு முன் பிளக்கைப் பிடுங்க வேண்டும். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.

கடைசி வேலை, இன்றைக்கே செய்யக்கூடியது

கீசரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் லேபிளை ஒரு படம் எடுத்து போனில் வைத்துக்கொள்ளுங்கள். ஈரத்தில் அந்த எழுத்து அழிந்துவிடும், எங்கள் பழைய கீசரில் அப்படித்தான் ஆயிற்று. அடுத்தமுறை எலெக்ட்ரீஷியனுக்கு போன் போடும்போது "கீசர் வேலை செய்யலை" என்று தொடங்காமல், "15 லிட்டர் ஸ்டோரேஜ், 2000 வாட், போர் தண்ணி, போட்ட உடனே ட்ரிப் ஆகுது" என்று சொல்லிப் படத்தையும் அனுப்புங்கள். சென்ற மாதம் தங்கை வீட்டுக் கீசருக்காக நான் அப்படிச் சொன்னபோது, அந்த அண்ணன் கேட்டது ஒரே கேள்விதான்: "காலையில வரவா, சாயந்தரம் வரவா?"